அசபாவின் தொண்டையும் அரைகுறை மாத்திரையும்

தராஸ் நகரத்தில் ஒரின்பாசரின் குரலைக் கேட்காமல் கல்யாணம் செய்துகொண்டவர்கள் கொஞ்சம் பேர்தான் இருப்பார்கள். விருந்தை நடத்தி வைக்கும் அசபா அவர். எந்தச் சம்பந்தி முதலில் எழுந்து வாழ்த்த வேண்டும், யாரை இரண்டு நிமிஷத்துக்கு மேல் பேச விடக் கூடாது, மணப்பெண்ணின் அத்தை அழத் தொடங்கினால் எந்தப் பாட்டைப் போட்டு அடக்க வேண்டும் என்பதெல்லாம் அவர் பொறுப்பு. அதற்கு முன்பு சர்க்கரை ஆலையில் ஒலிபெருக்கியில் ஷிஃப்ட் நேரம் அறிவித்துக்கொண்டிருந்தார். ஆலையை மூடியபோது அவரிடம் மிஞ்சியது குரல் ஒன்றுதான். குள்ளமான உருவம், வழுக்கைத் தலை, பெல்ட்டுக்கு அடங்காத வயிறு. "என்னைப் பார்த்து யாரும் கூப்பிடுறதில்லை, கேட்டுட்டுத்தான் கூப்பிடுறாங்க" என்று அவரே மேடையில் சொல்லிக்கொள்வார்.

அதனால் தொண்டை கொஞ்சம் கரகரத்தாலும் அவர் பதறிவிடுவார். ஒரு வசந்த காலத்தில், அடுத்தடுத்து நான்கு விருந்துகளில் கத்திவிட்டு, ஐந்தாவது விருந்துக்கு முன்னால் குரல் சுத்தமாகப் போய்விட்டது. மருந்துக்கடையில் இருந்த தூரத்துச் சொந்தக்காரி ஒருத்தி அமாக்ஸிசிலின் மாத்திரை ஒரு பட்டையை எடுத்துக் கொடுத்தாள். இரண்டு விழுங்கினார், வாயை மூடிக்கொண்டு தூங்கினார், மறுநாள் குரல் திரும்பிவிட்டது. தூங்கியதால் திரும்பியதா, வாயை மூடியதால் திரும்பியதா என்று யோசிக்கிற ஆள் இல்லை அவர். மாத்திரைதான் என்று முடிவு கட்டிவிட்டார்.

அதிலிருந்து அது அவர் குரலுக்கு, இயந்திரத்துக்கு எண்ணெய் போல ஆகிவிட்டது. தொண்டையில் அரிப்பு தெரிந்தால் காலையில் இரண்டு. பெரிய விருந்து என்றால் முந்தின நாளே ஒன்று. பச்சைத் தண்ணீர் குடித்தால் ஒன்று, ஜன்னல் ஓரம் உட்கார்ந்தால் ஒன்று. குரல் சரியானதும் மிச்சத்தை மிட்டாய் டப்பாவில் போட்டு வைப்பார். விருந்து நாளில் மட்டும் மாத்திரைக்கு விடுமுறை உண்டு. மாத்திரையும் மதுவும் சேராது என்று எங்கோ கேட்டிருந்தார். அசபா என்றால் ஒவ்வொரு வாழ்த்துக்கும் கோப்பையைத் தூக்கியாக வேண்டும். இரண்டில் ஒன்றை விட வேண்டும் என்றால் எதை விடுவது என்பதில் அவருக்குக் குழப்பமே வந்ததில்லை.

மனைவி குல்பாஷ் மழலையர் பள்ளியில் சமையல்காரியாக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்குத் தெரிந்த தொண்டை மருந்து, சூடான பாலில் ஆட்டு வால் கொழுப்பைக் கரைத்துக் குடிப்பது.

"இதைக் குடிச்சிட்டு ஒரு நாள் பேசாம கிடங்க, சரியாப் போயிடும்" என்பார்.

"பேசாம கிடந்தா சோறு யார் போடுவா? கொழுப்பு உங்கப்பா காலத்து வைத்தியம், குல்பாஷ். இப்போ விஞ்ஞானம் வந்தாச்சு" என்று டப்பாவைத் தட்டிக் காட்டுவார் ஒரின்பாசர்.

விஞ்ஞானத்தைத் தனக்கு மட்டும் வைத்துக்கொள்ளும் கருமி அல்ல அவர். எதிர்வீட்டுக்காரருக்கு ஜலதோஷமா, டப்பா திறக்கும். கொழுந்தியாளுக்கு வயிற்று வலியா, அதற்கும் திறக்கும். தெருவில் எல்லோரும் அவரை மரியாதையாக 'ஓரெக்கே' என்று சுருக்கிக் கூப்பிடுவார்கள். மாத்திரை வாங்கிப் போனவர்கள் மட்டும் இன்னும் ஒரு படி ஏற்றி 'டாக்டர் ஓரெக்கே' என்றார்கள். அது அவருக்குப் பிடித்திருந்தது. ஆலையில் யாரும் அவரை எதுவாகவும் ஏற்றிக் கூப்பிட்டதில்லை.

ஒருமுறை மட்டும் கொஞ்சம் சறுக்கியது. அவரோடு கீபோர்டு வாசிக்கும் நுர்தாசாவுக்கு இருமல். ஒரின்பாசர் மூன்று மாத்திரை கொடுத்தார். மறுநாள் விருந்தில் நுர்தாசாவின் உடம்பெல்லாம் தடிப்புத் தடிப்பாக எழும்பி, கண் இரண்டும் வீங்கிச் சுருங்கிப் போனது. ஒரு கையால் வாசித்துக்கொண்டு மறு கையால் சொறிந்துகொண்டே விருந்தை முடித்தார்.

"ஓரெக்கே, அந்த மாத்திரை எனக்கு ஒத்துக்கல. டாக்டர் ஊசி போட்டு, இனிமே அந்தப் பக்கமே போகாதேன்னு சொல்லிட்டாரு. மூச்சு அடைக்காம விட்டது உன் அதிர்ஷ்டம்னாரு."

"மாத்திரை என்ன பண்ணும்? நீ விருந்துல அவ்வளவு மீன் தின்னியே, அதைச் சொன்னியா அவர்கிட்ட?"

நுர்தாசா மீனைத் தொடவே இல்லை. ஆனாலும் அசபாவோடு வாதாடி ஜெயித்தவர் யாரும் இல்லாததால் அதோடு விட்டுவிட்டார்.

பின்னாளில் இந்த இடத்தைச் சொல்லும்போது ஒரின்பாசர் தன்னையே கிண்டல் செய்துகொள்வார். கல்யாணம் நிலைத்தால் தான் வாழ்த்திய ராசி, நிலைக்காவிட்டால் சமையல் சரியில்லை. காய்ச்சல் போனால் தன் மாத்திரை, தடிப்பு வந்தால் மீன். இப்படி ஒரு மூளையோடு தான் மருத்துவக் கல்லூரி பக்கம் போகாதது ஊர் செய்த புண்ணியம் என்பார்.

இலையுதிர் காலம் தொடங்கியது. தராஸில் கல்யாணங்கள் முண்டியடிக்கும் பருவம். அப்போதுதான் அவருக்கு நிஜமாகவே நோய் வந்தது. எச்சில் விழுங்கினால் கண்ணாடித் துண்டை விழுங்குவது போல வலித்தது. காய்ச்சல் கொதித்தது. டப்பாவிலிருந்து இரண்டு போட்டும் அசையவில்லை. குல்பாஷ் அவரைக் கோட்டுக்குள் திணித்து மருத்துவமனைக்குக் கூட்டிப் போனார்.

காது, மூக்கு, தொண்டைப் பிரிவில் முகக்கவசம் போட்ட பெண் டாக்டர் ஒருவர் இருந்தார். பெயர் மைரா. தொண்டைக்குள் விளக்கடித்துப் பார்த்தார், பஞ்சுக் குச்சியால் தடவிச் சோதனைக்கு அனுப்பினார்.

"இந்த மருந்து எதுவும் உங்களுக்கு ஒத்துக்காம போயிருக்கா?"

"எனக்கா? மருந்துதான் என்னை ஒத்துக்கணும், டாக்டரம்மா" என்று கரகரத்தார் ஒரின்பாசர். அந்த நிலையிலும் அவரால் சும்மா இருக்க முடியவில்லை.

சோதனை முடிவு வந்தது. "இது பாக்டீரியா. மாத்திரை தேவைதான்" என்றார் மைரா. "அமாக்ஸிசிலின். காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு, பத்து நாள். காய்ச்சல் சீக்கிரமே போயிடும். போனாலும் நிறுத்தாதீங்க. புரிஞ்சுதா?"

ஒரின்பாசர் தலையாட்டினார். அவர் காதில் விழுந்தது ஒரே ஒரு சொல், அமாக்ஸிசிலின். பார்த்தாயா, நான் சொன்ன அதே மருந்து என்று குல்பாஷைப் பெருமையாகப் பார்த்தார். அந்தப் பெருமை முடிவதற்குள் மற்றதெல்லாம் சொல்லி முடிந்திருந்தது.

மூன்றாம் நாள் காய்ச்சல் போய்விட்டது. நான்காம் நாள் ஒரு தட்டு நிறைய பெஷ்பர்மாக் கறிச்சாப்பாடு சாப்பிட்டார். அந்த வார இறுதியில் இரண்டு விருந்துகள். கோப்பை தூக்க வேண்டும், ஆகவே மாத்திரைக்கு வழக்கமான விடுமுறை. திங்கட்கிழமை தொண்டையைத் தடவிப் பார்த்தார், வலியில்லை. மிச்ச மாத்திரைகள் டப்பாவுக்குப் போயின.

"அந்தப் பொண்ணு பத்து நாள்னு சொல்லுச்சு" என்றார் குல்பாஷ்.

"டாக்டருங்க எப்பவும் கூட்டித்தான் சொல்லுவாங்க. நீ பத்துக் கரண்டி போடச் சொன்னா நான் அஞ்சு போடுறேன்ல, அந்த மாதிரி."

"நீங்க எந்தக் காலத்துல கரண்டியத் தொட்டீங்க?"

அடுத்த சனிக்கிழமை மாவு ஆலைக்காரர் குதைபெர்கன் வீட்டுக் கல்யாணம். அந்த வருஷத்தின் பெரிய விருந்து. மண்டபம் நிறைய ஆட்கள், அல்மாட்டியிலிருந்து வந்த சம்பந்திகள், இரண்டு வீடியோக்காரர்கள். அன்று காலையிலேயே ஒரின்பாசருக்கு வலது பக்கத் தொண்டையில் ஏதோ முட்டிக்கொண்டு நின்றது. காது வரைக்கும் குத்தியது. விருந்து நாள் விடுமுறையைக்கூடப் பார்க்காமல் டப்பாவிலிருந்து மூன்றை எடுத்து ஒரே வாயில் போட்டுக்கொண்டார். விட்டுப்போன நாட்களையெல்லாம் சேர்த்துக் கட்டியாகிவிட்டது என்று நினைத்தார்.

மேடை ஏறியபோது வாய் முழுசாகத் திறக்கவில்லை. தாடையை யாரோ பூட்டியது போல இருந்தது. ஒரு விரல் நுழையும் அளவுக்குத்தான் இடைவெளி. "அன்பான சம்பந்திகளே" என்று தொடங்கினார். வெளியே வந்தது வேறு எதுவோ. ஆவி பறக்கும் மாந்திக் கொழுக்கட்டை ஒன்றை வாயில் போட்டுவிட்டு, துப்பவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் பேசுகிறவனின் குரல்.

மேஜைகளில் எல்லோரும் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். பிறகு அல்மாட்டி மேஜையில் ஒருவர் சிரித்தார். அது மற்ற மேஜைகளுக்குப் பரவியது. நகராட்சியில் இருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரிய மனிதர் இப்படித்தான் பேசுவார் என்று யாரோ சொல்ல, அவரைத்தான் ஓரெக்கே நடித்துக் காட்டுகிறார் என்று மண்டபம் முடிவு செய்துவிட்டது. அந்தப் பெரிய மனிதரும் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவரும் சிரித்தார், கொஞ்சம் தாமதமாக.

ஒரின்பாசர் நடிக்கவில்லை என்று சொல்லப் பார்த்தார். அந்த வாக்கியம்தான் அன்றைக்கு அதிகச் சிரிப்பை வாங்கியது. மாப்பிள்ளையின் மாமன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மேஜையில் சாய்ந்துவிட்டார். இத்தனை வருஷத்தில் ஒரின்பாசர் எழுதி, மனப்பாடம் செய்து, கண்ணாடி முன்னால் ஒத்திகை பார்த்த எந்த நகைச்சுவைக்கும் இப்படி ஒரு வரவேற்பு கிடைத்ததில்லை. வலியில் கண் இருட்டிக்கொண்டு வந்தது. இருந்தும் மனத்தின் ஒரு மூலையில் வீடியோக்காரன் இதை எடுக்கிறானா என்று தேடினார். அதை நினைத்து இன்றைக்கும் அவருக்கு வெட்கம்தான்.

எச்சில் விழுங்க முடியாமல் கைக்குட்டையில் ஒற்றிக்கொண்டே இருந்ததைக் கவனித்தவர் நுர்தாசா ஒருவர்தான். வாசிப்பதை நிறுத்திவிட்டு எழுந்து வந்தார். நெற்றியைத் தொட்டுப் பார்த்து, மைக்கை அவர் கையிலிருந்து பிடுங்கினார்.

"மன்னிக்கணும், இது நடிப்பு இல்ல. ஆள் அனலாக் கொதிக்கிறாரு."

அதற்கும் சிலர் சிரித்தார்கள். நுர்தாசா அவரைத் தோளில் சாய்த்துக்கொண்டு பின்கதவு வழியாக வெளியே கொண்டுபோனார். காரில் போகும்போது ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"ஓரெக்கே, மீன் ஏதாவது சாப்பிட்டீங்களா?"

மருத்துவமனையில் அன்று பணியில் இருந்தவர் அதே மைரா. விளக்கடித்துப் பார்த்ததும் முகம் மாறியது. உள்நாக்கு ஒரு பக்கமாகத் தள்ளப்பட்டிருந்தது. டான்சிலுக்குப் பின்னால் சீழ் கட்டி உருண்டு நின்றது. மரத்துப்போக மருந்தை அடித்துவிட்டு, நீளமான ஊசியை எடுத்தார். நன்றாகத் தெரிவதற்காக அருகே குனிந்தவர், முகத்தை உற்றுப் பார்த்தார்.

"அன்னிக்கே எங்கேயோ பார்த்த மாதிரி இருந்துச்சு. என் கல்யாணத்தை நடத்தினது நீங்கதானே?"

வாயைத் திறந்தபடி ஒரின்பாசர் கண்களால் ஆமாம் என்றார்.

"என் மாமியாரோட தொப்பியைப் பத்தி ஒரு ஜோக் அடிச்சீங்க. ஞாபகம் இருக்கா? நான்தான் சொல்லிக்கொடுத்தேன்னு நினைச்சுட்டாங்க. ரெண்டு வருஷம் என்கூட முகம் கொடுத்துப் பேசலை. அசையாதீங்க."

ஒரின்பாசர் தன் வாழ்நாளில் அப்படி அசையாமல் இருந்ததில்லை. ஊசி உள்ளே போனது. கண்ணில் நீர் தெறித்தது. சற்று நேரத்தில், தாடையைப் பூட்டியிருந்த சாவியை யாரோ திருப்பியது போல இறுக்கம் விட்டது.

இரவோடு இரவாக அவரைப் படுக்கையில் சேர்த்து நரம்பு வழியாக மருந்து ஏற்றினார்கள். காலையில் குல்பாஷ் வந்தார், கையில் மிட்டாய் டப்பாவோடு. என்னென்ன சாப்பிட்டார் என்று டாக்டர் கேட்டபோது, சொல்வதைவிடக் காட்டுவது சுலபம் என்று தோன்றியதாம்.

மைரா டப்பாவைத் திறந்தார். இரண்டு மிச்சம் உள்ள பட்டைகள், ஐந்து மிச்சம் உள்ள பட்டைகள், தேதி முடிந்தவை, பெயர் அழிந்தவை, குழந்தைகளுக்குக் கரைத்துக் கொடுக்கும் பொடி ஒரு சீசா. கொஞ்ச நேரம் கிளறிப் பார்த்தார்.

"ஒரு வியாதியைக்கூட முழுசாப் பார்க்கலையே நீங்க. எல்லாத்தையும் பாதியிலேயே விட்டிருக்கீங்க."

ஒரின்பாசர் மெல்லக் கேட்டார். "ஆனா முன்னாடியெல்லாம் ரெண்டே மாத்திரையில சரியாப் போச்சே, டாக்டரம்மா."

"அது தானா சரியாப் போயிருக்கும். ராத்திரி முழுக்கக் கத்தினா தொண்டை கட்டும், ஒரு நாள் ஓய்வு கொடுத்தா திறக்கும். ஜலதோஷமும் அப்படித்தான், அது வைரஸ். அதுக்கு இந்த மாத்திரை ஒண்ணும் பண்ணாது. வேண்டாத நேரத்துல எல்லாம் போட்டீங்க. நிஜமா வேண்டியிருந்த ஒரே தடவை பாதியில நிறுத்திட்டீங்க."

"அப்போ இத்தனை வருஷமா..."

"இத்தனை வருஷமா உங்க வயித்துல இருக்கிற நல்ல கிருமிகளுக்கும் வீணா அடி. மிஞ்சி இருக்கிற கெட்டதுங்க இந்த மருந்தைத் தாங்கப் பழகிக்கும். நாளைக்கு நிஜமாவே வேணும்னா கேட்காது. உங்களுக்கும் கேட்காது, நீங்க அள்ளிக் கொடுத்தவங்களுக்கும் கேட்காது. மூணை ஒண்ணாப் போட்டா விட்ட நாளுக்கு ஈடாகவும் ஆகாது."

ஒரின்பாசருக்குத் தொண்டையை விட வேறு எங்கோதான் அதிகம் வலித்தது. முப்பது வருஷமாக ஒரு மேடையில் நின்று கைதட்டு வாங்கியவனிடம், கைதட்டு பக்கத்து மண்டபத்துக்கு என்று சொன்னது போல இருந்தது. நுர்தாசாவின் வீங்கிய கண்கள் நினைவுக்கு வந்தன. அன்று மாலை அவர் பார்க்க வந்தபோது ஒரின்பாசர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மீன் இல்ல, நுர்தாசா. நான்தான்."

"தெரியும், ஓரெக்கே. நான் மீனே சாப்பிடமாட்டேன்."

வீட்டுக்கு அனுப்பும்போது மைரா கொடுத்தது அதே குடும்பத்து மருந்துதான், கூடத் துணை மருந்து ஒன்று சேர்த்தது. காலையிலும் இரவிலும் சாப்பாட்டோடு. இந்த முறை குறிப்பை அவரிடம் சொல்லவில்லை, குல்பாஷிடம் சொன்னார். மழலையர் பள்ளியில் அழுகிற பிள்ளைகளுக்கு மீன் எண்ணெய் ஊட்டிப் பழகிய கை குல்பாஷுடையது. நேரம் வந்ததும் மாத்திரையும் தண்ணீருமாக எதிரில் நிற்பார், விழுங்கிய பிறகு வாயைத் திறந்து காட்டச் சொல்வார். அந்த நாட்களில் இருந்த இரண்டு விருந்துகளுக்கு ஒரின்பாசர் தேநீர்க் கோப்பையைத் தூக்கியே வாழ்த்தினார். யாரும் கவனிக்கக்கூட இல்லை. இத்தனை காலம் தான் குடித்தால்தான் கல்யாணம் நடக்கும் என்று நம்பியிருந்தது அவருக்கு இன்னொரு அடி.

டப்பாவில் இருந்ததையெல்லாம் மருத்துவமனையிலேயே அழிக்கச் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். தெருவில் இது பெரிய ஏமாற்றமாகப் போயிற்று. எதிர்வீட்டுக்காரர் மூக்கைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றார்.

"ஒண்ணே ஒண்ணு, ஓரெக்கே. சும்மா தடுப்புக்கு."

"இல்லப்பா. டாக்டர்கிட்ட போ."

"நீங்கதானே டாக்டர்?"

"என்னை அந்தப் பதவியிலிருந்து தூக்கிட்டாங்க."

குளிர்காலத்தின் நடுவில் ஒருநாள் ஒரின்பாசருக்கு மறுபடியும் தொண்டை கட்டியது. மூக்கும் ஒழுகியது. வீராப்பாக மைராவிடம் போய், தானாகவே வாயைத் திறந்து உட்கார்ந்தார். இந்தத் தடவை சொன்னபடி கேட்டு, ஒரு மாத்திரையைக்கூட விடாமல் முடித்துக் காட்டுவது என்று சபதமே எடுத்திருந்தார். மைரா பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"ஜலதோஷம். மருந்து எதுவும் வேண்டாம். சூடா ஏதாவது குடிங்க, ஒரு வாரம் பேசாதீங்க. காய்ச்சல் ஏறினாலோ விழுங்க முடியலைன்னாலோ உடனே வாங்க."

விருந்துக்குப் போனவனைக் கறி போடாமல் திருப்பி அனுப்பியது போல அவர் வெளியே வந்தார். திருந்திய மனிதனுக்குத் திருந்தியதைக் காட்ட ஒரு மாத்திரைகூடக் கிடைக்கவில்லை.

அந்த வாரம் வீடு அமைதியானது. கொழுந்தியாள்கள் இருவர் அதைப் பார்ப்பதற்கென்றே வந்து, பாலாடைக் கட்டியைக் கடித்துக்கொண்டு, பேசாத ஒரின்பாசரை ஒரு மணி நேரம் பார்த்துவிட்டுப் போனார்கள். அவர் ஜன்னலோரம் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். குல்பாஷ் மாவு பிசைந்துகொண்டே, யாருக்கோ சொல்வது போலத் தன் மழலையர் பள்ளியைப் பற்றிப் பேசத் தொடங்கினார்.

"எங்க மேலாளர் பாத்திமா இருந்தாங்கல்ல, அவங்களுக்குத் தலை முழுக்கச் சவுரி முடிதான். ஒருநாள் ரவைக் கஞ்சியை ருசி பார்க்குறேன்னு குனிஞ்சாங்க, சவுரி அப்படியே அண்டாவுக்குள்ள போயிருச்சு. நான் ஒண்ணும் பேசலை. கரண்டியால எடுத்தேன், அலசினேன், பிள்ளைங்களோட காலுறை காயுற கொடியில போட்டேன். அவங்க உள்ளே கதவைச் சாத்திக்கிட்டு உட்கார்ந்திருக்காங்க. அந்த நேரம் பார்த்துச் சுகாதார ஆய்வாளர் வந்துட்டாரு. வாசல்ல நின்ன ஒரு வாண்டுகிட்ட, மேலாளர் அம்மா எங்கேன்னு கேட்டாரு. அது கொடியக் காட்டுது. அங்க காயுறாங்கன்னு."

ஒரின்பாசர் சிரித்தார். சிரித்த சிரிப்பில் இருமல் வந்து, இருமியதில் கண்ணில் நீர் வந்து, டாக்டரின் தடை தூள் தூளானது.

"இதை ஏன் எங்கிட்ட சொல்லவே இல்ல?" என்றார் கரகரத்த குரலில்.

"மூணு தடவை ஆரம்பிச்சேன். மூணு தடவையும் நீங்க வேற கதைக்குப் போயிட்டீங்க."

"மேடையில சொல்லிக்கட்டுமா?"

"சொல்லிக்கோங்க. ஆனா நான் சொல்ற மாதிரி வராது."

வசந்தத்தில் முதல் விருந்திலேயே அவர் அதைச் சொல்லிப் பார்த்தார். ஜனங்கள் சிரித்தார்கள், அளவாக. ஒலிபெருக்கி சரியில்லை என்றார் ஒரின்பாசர். நுர்தாசா கீபோர்டுக்குப் பின்னால் குனிந்து, எதையோ சரிசெய்வது போல முகத்தை மறைத்துக்கொண்டார்.